பழைய லேப்டாப் ஆன் ஆகவே பத்து நிமிடம் பிடிக்கிறது, ஃபார்மட் போட்டால் சரியாகிவிடுமா?

உங்கள் கேள்வியில் இருந்து எனக்குப் புரிந்தது இது: வீடு பாம்பனில், லேப்டாப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பட்டனை அழுத்தினால் வேலை தொடங்கப் பத்து நிமிடம், கடைக்காரர் ‘ஃபார்மட் போடு, இல்லாவிட்டால் புதுசு வாங்கு’ என்கிறார். இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அந்தப் பத்து நிமிடம் எங்கே போகிறது என்று பார்க்காமல் காசு செலவழிப்பதில் அர்த்தமே இல்லை. உச்சிப்புளியில் என் ஜெராக்ஸ் கடைக்கு இதே புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுக்கொண்டு மூன்று இடத்தில் நேரம் குறியுங்கள். பட்டனை அழுத்தியதில் இருந்து விண்டோஸ் சின்னம் வரும் வரை, அங்கிருந்து பாஸ்வேர்டு கேட்கும் வரை, அதன்பின் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் உடனே திறக்கிற நிலை வரும் வரை.

முதல் கட்டமே இழுத்தால் விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள். பென்டிரைவ் ஏதாவது குத்தியபடி இருக்கிறதா, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புப் பக்கத்தில் நெட்வொர்க் பூட் (நெட்வொர்க் வழியே தொடங்கப் பார்ப்பது) முதல் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விட்டால் உள்ளே இருக்கும் காசு சைஸ் பேட்டரி செத்துவிட்டது, அது பெரிய செலவில்லை. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது, அதனால் எதில் நுழைவது என்று கேட்கும் பட்டியலிலும் சில நொடிகள் போகும்.

ஆனால் நான் பார்த்த வரை பெரும்பாலும் மாட்டுவது மூன்றாவது கட்டம்தான். டெஸ்க்டாப் வந்துவிடும், மவுஸ் சுற்றிக்கொண்டே இருக்கும், எதைத் தொட்டாலும் அசையாது. அப்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற இடத்தில் 100% என்று சிவந்து நிற்கும், பிராசசர் பாட்டுக்குச் சும்மா இருக்கும். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கின் குணம் அது. பெரும்பாலான லேப்டாப் டிஸ்க்குகள் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், ஒரு ஊசிக்கை அங்கும் இங்கும் ஓடித் தேடிப் படிக்கும், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் நொடிக்கு நூறு கூடத் தாண்டாது. எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்க்கில் சுற்றுகிற பாகமே கிடையாது, அது பல ஆயிரம் படிக்கும். பத்து வள்ளம் ஒரே நேரத்தில் கரை சேர்ந்து, ஏலக்கூடத்தில் ஒரே ஒரு தராசு இருந்தால் என்ன ஆகும், அதுதான் உங்கள் லேப்டாப்பில் தினமும் காலையில் நடக்கிறது.

சரி, காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய், மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், பிரிண்டர் உதவியாளர், எதெதற்கோ அப்டேட் பார்க்கிற ஆட்கள் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம், அழிந்துபோகாது. டச்பேட், சவுண்ட், ஆன்டிவைரஸ் மூன்றையும் தொடாதீர்கள். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் மட்டும் ஒன்றை நீக்கிவிடுங்கள், ஒன்றையொன்று சோதித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். சி டிரைவ் நிரம்பி வழிந்தால் கொஞ்சம் காலி செய்யுங்கள்.

அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடம்பைப் பாருங்கள். ‘குட்’ என்று நீலத்தில் வந்தால் நல்லது. மஞ்சளில் எச்சரிக்கை வந்தால், கெட்டுப்போன இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுதான் உங்கள் நேரம் போகிறது என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்துவையுங்கள். ஃபார்மட் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். தரவு போகும், கொஞ்ச நாள் வேகம் தெரியும், டிஸ்க் அதே டிஸ்க், மறுபடி அதே கதை.

நம் கரையில் இன்னொன்றும் இருக்கிறது, மதுரைக்காரர்களுக்கு இது புரியாது. உப்புக்காற்று. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, இரும்பு எப்படி அரிக்கிறது என்று ஆராய மண்டபம் ஊரில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு படிந்த தூசி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஃபேன் இறுகும், சூடு ஏறும், சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரேம் சொருகும் இடத்தில் அழுக்குப் படிந்து ஒரு ரேமையே கம்ப்யூட்டர் பார்க்காமல் போவதும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் மெமரி 4 ஜிபி என்று காட்டுகிறதா, 2 தான் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். குறைவாகக் காட்டினால், சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு ரேமை எடுத்து அதன் முனையை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். ஃபேன் சுத்தம் செய்வது, பிராசசர் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுவது இரண்டையும் கடையில் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டிஸ்க் 100% என்றே நின்றால் எஸ்எஸ்டிதான் வழி. உங்கள் மாடலுக்கு 2.5 இன்ச் சாட்டா வகை (பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே மாட்டுவது) பொருந்தும் என்று நினைக்கிறேன், கழற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள். 240 அல்லது 256 ஜிபி போதும். இரண்டாவது ரேம் ஸ்லாட் இருந்தால் 8 ஜிபி ஆக்கலாம், ஆனால் அது அடுத்த செலவு. ஆன் ஆகும் நேரத்தை அடியோடு குறைப்பது எஸ்எஸ்டிதான், ரேம் உதவுவது பிரவுசரில் நிறைய டேப் திறக்கும்போது.

மாற்றும்போது எந்த இயங்குதளம் போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, இவ்வளவு பழைய மெஷினை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்காது. டேலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் சிக்னேச்சர் மாதிரி விண்டோஸை நம்பியிருக்கும் வேலை இல்லையென்றால் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள், 4 ஜிபியில் நன்றாகவே ஓடுகிறது, தமிழ் டைப்பிங்கும் உண்டு. விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் பாதி உறங்கிய நிலையில்தான் ஷட் டவுன் ஆகும், லினக்ஸால் அந்த டிரைவில் எழுத முடியாது. விண்டோஸ் மட்டும்தான் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கட்டும், நல்லதுதான்.

வேலையை ராமநாதபுரத்திலேயே முடித்துக்கொள்ளலாம். கடையில் கொடுக்கும்போது ‘பழைய ஹார்ட் டிஸ்க் எனக்குத் திரும்ப வேண்டும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் உங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் இருக்கிறது. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் டிஸ்க்கை வெளியே இருந்து இணைக்கும் ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டு பேக்கப் எடுக்க வைத்துக்கொள்ளலாம்.