சின்ன ரயில், பெரிய ரயில் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கொரடாச்சேரி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். இப்போது பெங்களூரில் வேலை. நாகப்பட்டினம்–திருச்சி ரயில்பாதையைப் பற்றி ஏதாவது எழுதிப் பார்க்கலாம் என்று ஆசை. அதுதான் தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா? வெள்ளைக்காரன் நமக்குத் தந்துவிட்டுப் போன நல்ல விஷயங்களில் ரயிலும் ஒன்று என்பது என் எண்ணம். தவறா? பெரிய வருத்தம் ஒன்றும் உண்டு. அவன் போட்ட ஒரிஜினல் மீட்டர்கேஜ் பாதையை, அந்த ஒரு மீட்டர் அகலச் சின்னப் பாதையை, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் பிடுங்கிவிட்டோம். வேறு நாடாக இருந்தால் பாரம்பரியச் சின்னமாகக் காப்பாற்றியிருப்பார்கள். சின்ன வயதில் அந்த ரயிலில் அம்மாவோடு நாகூர் கந்தூரிக்குப் போயிருக்கிறேன். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் அதே வழியில் போனேன். எதுவும் அந்த மாதிரி இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தோள்பட்டை இறுகிப்போய்விட்டது. பயிற்சி கொடுக்க வந்த பெண் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, “சார், பாரம் தூக்குற வேலை ஏதாவது பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தூக்கிய பெரிய பாரம் பேனா. எங்கள் வீட்டில் பாரம் தூக்கியவர் தாத்தா. அதிலும் அவர் தூக்கியது நீங்கள் கண்ணீர் விடுகிற அந்த மீட்டர்கேஜின் பாரம். ஒரு வாரமாக அவர் நினைப்பாகவே இருந்தது. அப்போதுதான் உங்கள் கடிதம்.

முதலில் சின்னக் கேள்விகள். தென்னிந்தியாவின் முதல் ரயில் அது இல்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதே அந்தப் பெருமைக்கு உரியது. வாட்ஸப்பை நம்பி வரலாறு எழுதாதீர்கள். நம்ம ஊர்ப் பாதையைப் போட்டது ‘கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா’ என்ற கம்பெனி. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், 1862இல் திருச்சி. மொத்தம் சுமார் 125 கிலோமீட்டர். அப்புறம் கரூர் வழியாக 1868இல் ஈரோடு போய் மெட்ராஸ் ரயில்வேயோடு சேர்ந்தது.

வெள்ளைக்காரன் தந்தான் என்பதற்கு நான் நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. ரயில் கம்பெனிக்கு நிலம் இலவசம். லண்டனில் பங்கு வாங்கியவருக்கு வருஷத்துக்கு 5 சதவிகித வட்டி நிச்சயம். ரயில் அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் குறையை நம் ஊர் வரிப்பணம் நிரப்பும். பணம் போட்டவருக்கு வட்டி நிச்சயம் என்றான பிறகு அந்தப் பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினால் என்ன, செங்கல்லாக மாற்றினால் என்ன, அவருக்கு எல்லாம் ஒன்றுதான் என்று 1872இல் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் சொன்னவர் காங்கிரஸ்காரர் அல்ல. இந்திய அரசாங்கத்தின் நிதி அமைச்சராக இருந்த வில்லியம் மாஸி. கல்யாணச் செலவை நம் தலையில் கட்டிவிட்டு, மொய்யையும் எடுத்துக்கொண்டு போனவரைத் தாய்மாமன் என்று கூப்பிடுகிறீர்கள். சரி, கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது இன்னொரு வார்த்தையில். ‘ஒரிஜினல் மீட்டர்கேஜ்.’

எஸ்., உங்கள் ஊர் வழியாக முதலில் ஓடியது மீட்டர்கேஜ் இல்லை. 1861இல் போட்டது அகலப்பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஐந்தரை அடி. இன்று நீங்கள் போய்ப் பார்த்து ‘அந்த மாதிரி இல்லை’ என்று வருத்தப்பட்டீர்களே, அதே அகலம்தான். நீங்கள் ஒரிஜினல் என்று சொல்வது நடுவில் வந்தது. 1870களில் நல்ல நிலையில் இருந்த அகலப்பாதையைப் பிடுங்கி மீட்டர் அகலத்துக்குக் குறுக்கினார்கள். அதைத்தான் நாம் நூற்றுச் சொச்சம் வருஷம் பழகி, பாட்டன் சொத்து மாதிரி நினைத்துக்கொண்டோம். தாய் மண்ணில் பிடுங்கப்பட்ட பாரம்பரியம் என்று ஒப்பாரி வைக்கிறவர்கள், முதலில் பிடுங்கியது யார், எப்போது என்று ஒரு தடவையாவது விசாரித்திருக்க வேண்டாமா?

கதையைக் கேளுங்கள். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு ஆறடி அகலம் வேண்டும் என்று ஆசை. கடைசியில் ஐந்தரையில் நின்றது. இங்கிலாந்தின் பாதையே நாலடி எட்டரை அங்குலம்தான், இங்கே அதைவிட அகலம். அந்த ஊரில் ஆளுக்கொரு அகலத்தில் பாதை போட்டு அடித்துக்கொண்டதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். இந்தியா முழுக்க ஒரே அகலம் என்று அவர் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம். அந்த ஒரு விஷயத்தில் அவருடைய புத்தியை மெச்ச வேண்டும். (இதை நான் சொன்னதாக வெளியே சொல்லாதீர்கள்.)

பதினைந்து, இருபது வருஷம் போயிற்று. ஐந்து சதவிகித வட்டி கஜானாவைக் கடித்தது. மேயோ பிரபு வைஸ்ராயாக வந்தார். சின்ன ரயில் போட்டால் மலிவு, செலவைக் குறை என்றார். எவ்வளவு சின்னது என்று கமிட்டி, அதற்குள் ஒரு சண்டை. அந்தச் சமயத்தில் இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறப்போகிறது என்று ஒரு சட்டத்துக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அப்படியானால் ஒரு மீட்டர் என்றே வைத்துவிடலாம் என்று முடிவு. 1872இல் மேயோ அந்தமானில் கொலையுண்டார். மெட்ரிக் அளவையும் வரவில்லை. அது நம் நாட்டுக்குச் சட்டமாக வந்தது 1956இல். முழமும் கஜமும் சேரும் படியும் புழங்கிய ஒரு தேசத்தில், மீட்டர் என்ற அளவு என்னவென்றே தெரியாத ஜனங்கள் எண்பது வருஷத்துக்கு மேலாக மீட்டர் அகலத்தில் பயணம் போய்க்கொண்டிருந்தார்கள். எந்த ஊரிலாவது இப்படி உண்டா?

புதிய பாதைகளை மட்டும் சின்னதாகப் போட்டிருந்தாலாவது ஒரு கணக்கு. ஓடிக்கொண்டிருந்த பாதையையும் அல்லவா குறுக்கினார்கள்? 1874இல் நம்ம கிரேட் சதர்ன் கம்பெனி, கர்நாடிக் ரயில்வே என்ற இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து ‘சவுத் இந்தியன் ரயில்வே’ ஆயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நாகப்பட்டினத்திலிருந்து ஈரோடு வரை எல்லாம் மீட்டர். தாது வருஷப் பஞ்சம் அடித்த அதே பத்தாண்டு, கவனியுங்கள். 1868இல் ஈரோட்டில் மெட்ராஸ் பாதையோடு ஒரே அகலத்தில் சேர்ந்த ஒரு பாதையை, பத்து வருஷத்தில் அவர்களே வெட்டிவிட்டார்கள். தஞ்சாவூர் அரிசி மேற்கே போக வேண்டுமானால் இனி ஈரோட்டில் இறக்கி ஏற்ற வேண்டும்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சங்கதி இருக்கிறது. பாதையைக் குறுக்குவது சுலபம். அகலப்பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் ஸ்லீப்பர் கட்டை ஒன்பதடி. அதன் மேலேயே ஒரு தண்டவாளத்தை உள்ளே தள்ளி அடித்துவிடலாம். திரும்ப அகலமாக்குவதுதான் பெரும்பாடு. மீட்டர்பாதைக் கட்டை ஆறடி. கட்டையை மாற்ற வேண்டும், மண்கரையை அகலப்படுத்த வேண்டும், வெண்ணாறு வெட்டாறு என்று டெல்டாவில் பத்தடிக்கு ஒரு பாலம், எல்லாவற்றையும் தொட வேண்டும். தப்பு பண்ணுவதற்குச் சில வருஷம், திருத்துவதற்கு ஒரு நூற்றாண்டு. 1992இல் எல்லாவற்றையும் ஒரே அகலமாக்குகிற யூனிகேஜ் திட்டம் என்று ஆரம்பித்து, டெல்டா முழுக்க முடிவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

இப்போது தாத்தா.

பிற்காலத்தில் ஈரோடு–திருச்சி மட்டும் மறுபடியும் அகலமாயிற்று. அதனால் இறக்கி ஏற்றுகிற இடம் ஈரோட்டிலிருந்து திருச்சிக்கு வந்தது. தாத்தா அங்கே சரக்குக் கொட்டகையில் மூட்டைக் கூலி. நடுவில் நீளமாக ஒரு மேடை. ஒரு பக்கம் பெரிய வண்டி, எதிர்ப்பக்கம் சின்ன வண்டி. இதிலிருந்து எடுத்து அதில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அரிசி மேற்கே போகும், மஞ்சள் கிழக்கே வரும். பெரிய வண்டிச் சரக்கு ஒரு சின்ன வண்டியில் அடங்காது. மிச்சம் அடுத்த வண்டிக்கு. கணக்குத் தகராறு எல்லாம் அங்கேதான். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி, அதிலும் மேஸ்திரிக்கு ஒரு பங்கு.

மஞ்சள் மூட்டை ஏற்றிய நாளில் தாத்தா நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வருவார். பாட்டி வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவாள். “இந்த வயசுல உங்களுக்கு ரெண்டாம் கல்யாணமா?” என்பாள். அவர் வலது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு கொட்டகைக்குப் போனபோது கேட்டேன், “தாத்தா, ரெண்டும் இரும்பு வண்டிதானே? ஏன் இதுவே அப்படியே அங்க போகக் கூடாது?” அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார், “போயிட்டா நமக்கு யாருடா கஞ்சி ஊத்துவா?”

இந்தப் பதிலை என்னால் இன்று வரை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. கல்கத்தாவில் எவனோ மிச்சம் பிடித்த காசு என் தாத்தாவின் தோளில் காய்ப்பாக ஏறியது. அந்தக் காய்ப்பில்தான் என் அப்பா படித்தார், நான் படித்தேன். மீட்டர்கேஜைத் திட்டுகிற தகுதி எனக்கு இருப்பது மாதிரி உங்களுக்கு இல்லை, எஸ்.! ஆனால் நானே முழுசாகத் திட்ட முடியாமல் நிற்கிறேன்.

நாகப்பட்டினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பாதை அங்கேதான் ஆரம்பித்தது. துறைமுகம் என்பதால். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தோட்ட வேலைக்குப் போன ஜனங்கள் இந்த ரயிலில் வந்து இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். ரயில்வே பட்டறையும் அங்கே இருந்தது. 1920களின் கடைசியில் அதைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றி, ஆட்குறைப்பு என்று ஆரம்பித்ததில் வெடித்ததுதான் 1928 ஜூலை வேலைநிறுத்தம். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் ஜெயிலுக்குப் போனார். பட்டறையும் போயிற்று. தலையாக இருந்த ஊர் இப்போது பாதையின் வால். பாரம்பரியம் என்று எழுத ஆசைப்பட்டால் இதை எழுதுங்கள். தண்டவாளத்தின் அகலத்துக்கு அழாதீர்கள்.

ஒரு துண்டாவது வைத்திருக்கலாமே என்கிறீர்கள். மேட்டுப்பாளையம் போங்கள், ஊட்டி ரயில் இன்றும் மீட்டர்பாதையில்தான் ஏறுகிறது. திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், அதைவிடப் பழமையான அனுபவம் கிடைக்காது.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று படுகிறது. கடிதத்தை மறுபடி படித்தேன். நீங்கள் பாதையைப் பற்றி ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைப் பற்றி இரண்டு வரி. எனக்கு அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்களுக்கு அந்த ரயிலே அம்மாதான், நான் அதைப் போய் மேயோ பிரபுவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கந்தூரிக் கூட்டத்தில் அந்தச் சின்னப் பெட்டியில் எதிரெதிர் பலகையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்துதான் போயிருப்பீர்கள். அகலப்பெட்டியில் அந்த இடியெல்லாம் கொஞ்சம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

வரலாற்றுக் கட்டுரை அப்புறம் இருக்கட்டும். அம்மா கையில் என்ன மூட்டை இருந்தது, வழியில் கீழ்வேளூரிலோ சிக்கலிலோ என்ன வாங்கிக் கொடுத்தார், ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதை எழுதி அனுப்புங்கள். திருவாரூரில் வண்டி நின்றபோது உங்களைத் தனியாக விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கினாரா? என் அம்மா இறங்குவார். விசில் ஊதிவிடுமோ என்று நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். அவர் அவசரமே இல்லாமல் கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டு வருவார்.