கால் நோவும் என்பு முறிவும்: வாசகர் கேள்விகளுக்கு என்பியல் வைத்தியரின் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை, காயம் பட்டுப் பல நாள்கள் கழிந்த பின்னர் எழுதப்பட்டவை. உட்கிராமத்தில் இருப்பவருக்கு வைத்தியசாலைப் பயணம் ஒரு நாள் கூலியை இழக்கும் காரியம் என்பதை நான் அறிவேன். ஆகவே எதை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எதற்கு அன்றைக்கே புறப்பட வேண்டும் என்பதையே பதில்களில் முதன்மையாகச் சொல்லியிருக்கிறேன்.

வயல் வரம்பில் வழுக்கிக் கணுக்கால் பிரண்டுவிட்டது. வீக்கம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? எண்ணெய் போட்டு உருவலாமா? (முரசுமோட்டை)

பிறர் துணையின்றி நான்கு அடி நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பின்னர், கணுக்காலின் இருபுறத்து மொளிகளின் பின்விளிம்பையும் நுனியையும், பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்க நடுப்பாதத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நடக்க முடியாவிட்டாலோ, அந்த எலும்புகளில் நோவு இருந்தாலோ எக்ஸ்ரே அவசியம். இரண்டும் இல்லையென்றால் முறிவு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு உருவ வேண்டாம்; அறுந்த இழையத்தினுள் இரத்தக் கசிவும் வீக்கமும் அதனால் கூடும். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் வரை வைத்து, மீள்தன்மையுள்ள பந்தனம் சுற்றி, படுத்திருக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். நோவு தணியத் தொடங்கியதும் கணுக்காலை அசைக்கவும், சில நாள்கள் கழித்து ஒற்றைக் காலில் நின்று பழகவும் வேண்டும். இப்பயிற்சியைச் செய்யாது விடுபவர்களுக்கே அதே கால் திரும்பத் திரும்பப் பிரளுகிறது.

எனக்கு 58 வயது. நீண்ட காலமாக நீரிழிவு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலுடன் நடந்து போய் வந்தேன். இரு பாதங்களிலும் கொப்பளம். நோவில்லை என்பதால் மஞ்சள் பூசி விட்டிருக்கிறேன். (புதுக்குடியிருப்பு)

நோவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. வைகாசி வெயிலில் காய்ந்த மணலிலும் தார் வீதியிலும் நடந்து தோல் வெந்து கொப்பளித்திருக்க, அதைக் கால் உங்களுக்கு அறிவிக்கவில்லை என்றால், நீரிழிவினால் பாத நரம்புகள் பழுதடைந்திருக்கின்றன என்றே கருத வேண்டும். இரத்த ஓட்டமும் சேர்ந்து குறைந்திருந்தால், சிறு புண்கூட ஆறாமல் எலும்பு வரை இறங்கி, விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே இதை வாசித்த அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சாம்பல், இலைச்சாறு எதுவும் வேண்டாம். கொப்பளத்தை உடைக்காமல், சுத்தமான நீரால் கழுவி, உலர்ந்த சுத்தமான துணியால் மூடிச் செல்லுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், கறுத்த தோல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நீரிழிவு உள்ள ஏனையோருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். உணர்வு இழந்த பாதத்துக்குக் கண்தான் காவல். ஒவ்வோர் இரவும் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள். பார்வை குறைந்தவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். கழுவியபின் விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வந்து, அந்த வெடிப்பு வழியே கிருமி நுழையும். குதியில் தேங்காய் எண்ணெய் பூசலாம், விரல் இடுக்கில் பூசக் கூடாது. விரலிடையில் வார் உள்ள செருப்பு கழன்று போனாலும் உணர்வற்ற காலுக்குத் தெரியாது; எனவே குதிப்பக்கம் வார் வைத்த செருப்பை அணியுங்கள். போடுமுன் உள்ளே முள்ளோ கல்லோ உண்டா என்று கையால் தடவிப் பாருங்கள். புண் எதுவும் இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால், நோவே இல்லாவிட்டாலும் உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கக் கூடும். அந்தக் காலை ஊன்றாமல் உடனே வாருங்கள். மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு முறையேனும் அதைச் செய்யும்படி கிளினிக்கில் கேளுங்கள்.

நேர்த்தியைக் கைவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெயில் ஏறுமுன்னரோ பொழுது பட்ட பின்னரோ செல்லுங்கள். கோயில் வாசல் வரை செருப்புடனும், உள்ளே தடித்த பருத்திக் காலுறையுடனும் நடவுங்கள்.

ஐயா, 6 வயது மகன் கொய்யா மரத்தால் விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. ஊரில் பத்துப் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். இரவெல்லாம் அழுகிறான், விரல்கள் வீங்கியிருக்கின்றன. (ஒட்டுசுட்டான்)

இதை எழுதிய தாயாருக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டேன். மற்றப் பெற்றோருக்காக இங்கும் எழுதுகிறேன். இந்த வயதில் கை ஊன்றி விழும் பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது மிகவும் சாதாரணம். கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியும் நரம்புகளும் அவ்விடத்தை ஒட்டியே செல்கின்றன. வீங்கும் கையை இறுக்கிக் கட்டினால் தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணித்தியாலங்களிலேயே தசை இறக்கத் தொடங்கி, பிள்ளையின் கை ஆயுள் முழுவதும் பருந்தின் கால்போல் விரல்கள் மடங்கியபடி நின்றுவிடக் கூடும். மருந்துக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போகும் நோவு, விரலை மெல்ல நிமிர்த்தும்போது அலறல், விறைப்பு, வெளிறிய அல்லது நீலம் பாரித்த குளிர்ந்த விரல்கள் என்பவை அபாய அறிகுறிகள். கட்டை முழு நீளத்துக்கும் வெட்டித் தளர்த்துங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் வைத்திருங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவு கொடுக்காமல், 1990 ஐ அழைத்து நோயாளர் காவுவண்டியில் கொண்டு செல்லுங்கள். வைத்தியசாலையில் போட்ட பிளாஸ்ரருக்குள் இந்த அறிகுறிகள் தோன்றினாலும் அதே இரவில் திரும்பி வர வேண்டும்.

ஆசிரியையாக இருக்கிறேன். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதியில் ஊசி குத்துவது போன்ற நோவு. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். (நெடுங்கேணி)

அந்த எலும்பு முனை நோவு இல்லாத பலரிடமும் உண்டு. அதை வெட்டத் தேவையில்லை. உள்ளங்காலைத் தாங்கும் தடித்த நார்ப்படையின் குதிப்பக்க முனையில்தான் கோளாறு. கட்டிலை விட்டு இறங்குமுன் கால் விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பிடியுங்கள்; சுவரில் கையூன்றிக் கெண்டைத்தசையை நீட்டுங்கள்; சீமெந்துத் தரையில் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணியுங்கள். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், ஆனால் மிகப் பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையின்றியே மாறிவிடுகிறது. குதிக்குள் ஸ்ரெரோயிட் ஊசி மருந்தை அடிக்கடி ஏற்ற வேண்டாம், நார்ப்படை அறுந்துபோக இடமுண்டு.

முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. செயற்கைக் காலுடன் தோட்டம் செய்கிறேன். மாரி காலத்தில் எஞ்சிய காலின் நுனியில் புண் வருகிறது. (விசுவமடு)

நீங்கள் அணிந்திருப்பது ஜெய்ப்பூர்க் கால் என்று எழுதியுள்ளீர்கள். அதன் இறப்பர்ப் பாதம் சேற்றையும் ஈரத்தையும் தாங்கும். எஞ்சிய காலை நுழைக்கும் கிண்ணத்துக்குள் இருக்கும் உங்கள் தோல் தாங்காது. நனைந்த காலுறையை உடனே மாற்றுங்கள். மாற்றுறை ஒன்றைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள். இரவில் காலைக் கழற்றியதும் எஞ்சிய காலையும் கிண்ணத்தின் உட்பக்கத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடையுங்கள். காலையில் கழுவினால் ஈரத்தோடு அணிய நேரிடும். கழற்றிச் சிறிது நேரத்தில் மறையாத சிவப்பு, கிண்ணம் பொருந்தவில்லை என்பதன் அடையாளம். உடல் மெலிந்தாலும் பருத்தாலும் அளவு மாறிவிடும், துணி திணித்துச் சமாளிக்க வேண்டாம். தோல் உடைந்திருந்தால் ஆறும் வரை ஊன்றுகோலுடன் நடவுங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையில் இயன்மருத்துவரைக் கண்டு, பொருத்தும் நிலையத்துக்குக் கடிதம் பெறலாம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இப்பணியைச் செய்து வருகிறது.

2009 இல் காலில் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. எடுக்க வேண்டுமா? முதுகு நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். (முள்ளியவளை)

தசைக்குள் அமைதியாக இருக்கும் துண்டைத் தேடி வெட்டுவது பெரும்பாலும் கூடுதல் சேதத்தையே தரும். மூட்டுக்குள் இருந்தால், சீழ் வைத்தால், நரம்பை அழுத்தினால், நடக்கும்போது உறுத்தினால் அகற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் வலிமையான காந்தம் என்பதால் இரும்புத் துண்டு அசையவோ சூடேறவோ கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய நாடிகள் ஆகியவற்றின் அருகே இருந்தால் அது பேராபத்து. உடலில் வேறு எங்காவது காயம் பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டுகள் இருக்கும் இடங்களைப் பார்த்த பின்னரே கதிரியக்க வைத்தியர் முடிவு செய்வார். சி.ரி. ஸ்கானுக்கும் எக்ஸ்ரேக்கும் இந்தத் தடை இல்லை. எடுத்த படங்களைக் கிளினிக் கொப்பியுடன் ஒரே பையில் வைத்து, எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் கொண்டு செல்லுங்கள்.