பப்பாளியில் இலையை எண்ணுங்க, அப்புறம் உரம் வைங்க: கேள்வி பதில்

பல்லடம்: ரெட் லேடி ரகப் பப்பாளி வச்சு ஏழு மாசமாச்சுங்க. காய்க்கு வெயில் படட்டும்னு அடி இலையை ஒடிச்சு விடலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. வெயில் பட வேண்டியது இலை மேல, காய் மேல இல்லை. நேர் வெயில் விழுந்தால் காய்த்தோல் வெந்து வெளுத்த திட்டாகிவிடும். பச்சை இலை 15-க்குக் குறையவே கூடாது. நன்கு விரிந்த ஓர் இலை ஏறக்குறைய மூன்று காய்க்குத் தீனி தரும். முக்கால்வாசி இலையைக் கழித்தால் புதுப்பூ குறையும், பழமும் சப்பென்றாகும். மஞ்சளாகித் தொங்குவதை மட்டும், தண்டிலிருந்து இரண்டு அங்குலம் காம்பு விட்டு வெட்டுங்க. பிடித்து இழுத்தால் தண்டின் தோல் உரியும், அந்தக் காயத்தில் அழுகல் ஏறும்.

பொள்ளாச்சி: தென்னைக்கு நடுவுல வச்சது உசரமாப் போகுது, காய் புடிக்கலைங்ணா.

பதில்: நிழல்தான் காரணம். தண்டில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டிருக்கும், பாருங்க. மட்டை கூடாத இளந்தென்னையில் வைக்கலாம். மூடின தோப்பில் வேண்டாம். தனிப்பயிராக 6-க்கு 6 அடி, ஏக்கருக்கு 1,210 கன்று. அதைவிட நெருக்கினால் ஒன்றின் இலை மற்றொன்றை மறைக்கும்.

தாராபுரம்: மத்தியானம் இலை தொங்கிப்போகுது, சாயங்காலம் நிமிர்ந்துக்குது. தண்ணி பத்தலையா?

பதில்: அவசரப்பட்டு மடை திறக்காதீங்க. சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தோண்டி, அந்த மண்ணை உள்ளங்கையில் அழுத்துங்க. உருண்டை நின்றால் ஈரம் போதும். பொலபொலவென உதிர்ந்தால் தண்ணீர் காட்டுங்க. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் வேர் மூச்சு முட்டுகிறது என்று பொருள். பப்பாளி இரண்டு நாள் நீர் தேங்கினாலே செத்துவிடும், மேட்டுப்பாத்திதான் காக்கும்.

ஈரம் சரியாக இருந்தும் தொங்கினால், அது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று ஈரத்தை உறிஞ்சும்போது இலையின் அடிப்பக்கத் துளைகள் மூடிக்கொள்ளும். கரியமிலவாயு உள்ளே போகாது, மாவுச்சத்து தயாரிப்பு நின்றுவிடும். அந்த நேரத்தில் யூரியா கொட்டிப் பயனில்லை. மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை அகத்தி, தூரில் கரும்புச் சோகை மூடாக்கு, சொட்டுநீரை விடிகாலையில் விடுவது: இந்த மூன்றும் செய்யுங்க.

கோபி: உரக்கணக்கு சொல்லுங்க. காய் மேடுபள்ளமா, பாலும் வடியுது.

பதில்: ஆண் மரங்களைக் களைந்தபின், மூன்றாம் மாதம் தொட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மரத்துக்கு யூரியா 110 கிராம், சூப்பர் பாஸ்பேட் 310, பொட்டாஷ் 80. மேடுபள்ளம் போரான் என்ற நுண்ணூட்டச் சத்தின் குறை. 10 லிட்டர் தண்ணீரில் போரிக் அமிலம் 10 கிராம், துத்தநாக சல்பேட் 50 கிராம் கலந்து 4-ஆம், 8-ஆம் மாதம் தெளிங்க. ஆனால் காயில் வட்ட வளையமும், குருத்திலையில் தேமலும் இருந்தால் அது வளையப்புள்ளி வைரஸ். மருந்து கிடையாது; அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோகும் முன் வேரோடு பிடுங்கிப் புதைச்சிருங்க.

அவிநாசி: சித்திரையில பூவெல்லாம் கொட்டுதுங்க.

பதில்: கடும் வெயிலிலும் வறட்சியிலும் இருபால் பூவில் பிஞ்சாக வேண்டிய சூலகம் சுருங்கி, ஆண்பூவாகிவிடும். டானிக் வாங்காதீங்க. ஈரம் விடாமல் காத்தால், வெயில் தணிந்ததும் வரும் பூவில் பிஞ்சு நிற்கும்.