முழு வேகத்தில் மோட்டரும் சேர்வோக்களும் ஒன்றாக நின்றுபோவது பற்றி

தம்பி, கசூரினா கடற்கரையில் உங்கள் ரேடியோ மாதிரி விமானத்துக்கு முழு வேகம் கொடுத்ததும் மோட்டரும் சேர்வோக்களும் (சுக்கான்களை அசைக்கும் சிறு மோட்டர்கள்) ஒரு கணம் செத்து மீண்டன, பற்றரி பிளக் கருகியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். றிசீவரை, அதாவது ரேடியோ சிக்னலை வாங்கும் கருவியை, மாற்றக் காசு செலவழிக்க வேண்டாம். முதலில் பிளக்கைப் பாருங்கள். மோட்டருக்கும் சேர்வோக்களுக்கும் மின்சாரம் அதே பிளக் வழியாகத்தான் வருகிறது.

பிளக்கின் ஊசிகள் தொடும் இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே 40 அம்பியர் ஓடும்போது 16 வாட் வெப்பம் அங்கேயே பிறக்கும். உப்புக்காற்று அந்தத் தடையை இன்னும் கூட்டும்.

கருகியதைச் சுரண்டித் துடைத்துத் திரும்பப் பாவிக்காதீர்கள், பிளக்கின் இரு பக்கத்தையும் புதிதாக மாற்றுங்கள். ஈயம் பற்றவைக்கும்போது சோடிப் பிளக்கைச் செருகி வையுங்கள், சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் ஊசிகள் விலகாது. பற்றரிப் பக்க வயர்களை ஒவ்வொன்றாகத்தான் வெட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரிக்கோலிலேயே ஷோர்ட் ஆகிவிடும், இதில் தயவுசெய்து கவனம்.

அப்புறம் பற்றரி. லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி ஊதியிருந்தால் பறக்கவிட வேண்டாம். சில நாள் பறக்காவிட்டால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். நம்மூர் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மாற்றியபின் விமானத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, விசிறியிலிருந்து விலகி நின்று, தரையிலேயே அரை நிமிடம் முழு வேகம் கொடுங்கள். பிறகு பற்றரியைக் கழற்றிப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பற்றவைப்பு சரியில்லை.