ஒரே மெட்டு, பல அர்த்தம்: ஆராதனை இசை கேள்வி பதில்

நாசரேத் பாடகர் குழு: ஐயா, ஸ்தோத்திரம். எந்த வேகத்தில் பாடினால் பக்தி வரும்?

எண் கேட்காதீர்கள். வரியை வாய்விட்டு வாசியுங்கள். வாக்கியம் முடியுமுன் மூச்சு முட்டினால் இழுக்கிறீர்கள். முடிந்ததும் மூச்சு வாங்க இடமே இல்லையென்றால் ஓடுகிறீர்கள். "இயேசு வந்தார்" என்பதை நடுவில் மூச்சு வாங்கி இரண்டாக உடைத்தால், கேட்பவருக்குப் பெயர் மட்டும்தான் கிடைக்கும். இன்னொன்று: கீபோர்டில் பின்னணியை நீளமாக நிரப்பும் 'பேட்' ஒலியைக் குறையுங்கள். அது எல்லாப் பாட்டையும் ஒரே பாட்டாக்கிவிடும்.

மதுரை வாசகி: மேற்கத்திய இசையில் மைனர் ஸ்கேல் என்றால் சோகம், மேஜர் ஸ்கேல் என்றால் சந்தோஷம், சரிதானே?

இல்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

திருச்சி வாசகர்: உலகப் பாட்டின் மெட்டில் தேவனைப் பாடலாமா? தீட்டு இல்லையா?

பெரிய வெள்ளியில் 'இரத்தம் காயம் குத்தும்' பாடுகிறீர்களே, அது 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் போட்ட காதல் பாட்டின் மெட்டு. காதலியால் மனம் கலங்கியவன் பாடுவது. அன்று அதன் தாளமும் சீராக இல்லை, துள்ளும். பிறகு சபைகள் தாளத் தட்டுகளைச் சமமாக்கின. துள்ளல் போய் நடை வந்தது. ஜெர்மன் போதகர் பவுல் கெர்ஹார்ட்டின் 1656ஆம் வருடத்துச் சிலுவைப் பாட்டு அதில் ஏறி உட்கார்ந்தது.

அதோடு நிற்கவில்லை. ஜெர்மன் இசைமேதை பாக், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தமது 'மத்தேயு பாடுகள்' இசைப் படைப்பில் இந்த மெட்டை ஐந்து முறை கொண்டுவருகிறார். மெட்டு அதேதான், அடியில் நிற்கும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், மாறும். இயேசு உயிர்விட்ட உடனே வரும் ஐந்தாவதில் எங்கே போய் இறங்குவதென்று தெரியாத தவிப்பு இருக்கும். அதே மெட்டு அவருடைய 1734இன் கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ என்ற பெரிய பாட்டுத் தொகுப்பின் கடைசியில் ட்ரம்பெட், மேளத்தோடு வெற்றிப் பாட்டாக முடிகிறது. மதுரைக்காரம்மா, உங்களுக்கும் இதுதான் பதில்: ஒரே மெட்டு தவிப்பாகவும் வரும், வெற்றியாகவும் வரும்.

திருச்சி வாசகர்: அது பழைய கதை. நேற்று வந்த சினிமா மெட்டுக்கு இது பொருந்துமா?

நியாயமான கேள்வி. 1601க்கும் 1656க்கும் நடுவே ஐம்பத்தைந்து வருடம். காதலியை மறக்க அவ்வளவு நேரம் கிடைத்தது. நேற்றைய மெட்டைக் கேட்டதும் சபைக்குக் கதாநாயகன் முகம் தெரிந்தால், அதைப் பாடாதீர்கள். தீட்டு என்பதால் அல்ல, வார்த்தை காதில் விழாது என்பதால்.

கோவை வாசகர்: அப்படியானால் ஐம்பது வருடம் காத்திருந்தால் எதுவும் பரிசுத்தமாகிவிடுமா? இது சமாளிப்பு ஐயா.

தம்பி, பரிசுத்தத்தைப் போதகரிடம் கேளுங்கள். காதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

சென்னை வாசகர்: 'அமேசிங் கிரேஸ்' பாட்டை நம் ராகத்தில் பாடலாமா?

அந்த மெட்டு ஏற்கெனவே மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில்தான் இருக்கிறது. ஜான் நியூட்டனின் வரிகள் 1779இல் அச்சானபோது கூடவே மெட்டு இல்லை; இன்றைய மெட்டோடு 1835இல் அமெரிக்காவில் சேர்ந்தது. பேக்பைப்பில் கேட்டால் இறுதி ஊர்வலம். கறுப்பினத்தார் சபைகளில் தாளத்தை விட்டு அசை அசையாக நீட்டும்போது, தாங்கி வந்த துன்பத்துக்கு ஒரு கூட்டமே சாட்சி சொல்கிறது. கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் அலங்காரம், சேருங்கள், ஆனால் அளவோடு. சபை கூடவே பாட முடியாவிட்டால் அது உங்கள் கச்சேரி.

பாளையங்கோட்டை வாசகர்: தோடி ராகத்தில் உள்ள கீர்த்தனைக்கு கார்டு போடலாமா?

வேண்டாம். பஞ்சமத்தின் (ப) மேல் தோடி சுரங்களில் கார்டு கட்டினால் டிமினிஷ்ட் என்ற நெருடலான கார்டுதான் வரும். அது கசப்பதால் கீபோர்டுக்காரர் மேஜர் போடுவார். தோடியில் இல்லாத காகலி நிஷாதமும் (நி) சதுஸ்ருதி ரிஷபமும் (ரி) உள்ளே நுழையும், தோடி வெளியே போகும். பாட்டில் இருந்த மன்றாட்டும் கூடவே போகும். தம்புரா, வயலின் போதும்.

வேலூர் வாசகர்: எந்த வேகத்தில் பாடலாம் ஐயா?

மேலே சொல்லிவிட்டேன். பேட் ஒலியையும்தான்.

தஞ்சை வாசகர்: கோயிலுக்கு எந்த மைக் வாங்கலாம்?

மைக் செட் கடையில் கேளுங்கள்.