அற்பப் பாவம்னு ஒண்ணு இருக்கா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் பொறந்தது சிஎஸ்ஐங்கிற புராட்டஸ்டன்ட் சபையில, கட்டிக்கொடுத்தது ஆர்சி, அதாவது ரோமன் கத்தோலிக்க குடும்பத்துல. மாமியார் ராத்திரி ஜெபமாலை முடிச்சதும் பிள்ளைங்களுக்கு அற்பப் பாவம், சாவான பாவம்னு சொல்லிக்கொடுக்கிறாங்க. எங்க அண்ணன் அதைக் கேட்டுட்டு பாவத்துல என்ன சின்னது பெருசு, எல்லாம் ஒண்ணுதான், இது பாவம் பண்றதுக்கு அவங்க எடுத்து வச்சிருக்கிற லைசென்ஸ்னு சொல்றான். பிள்ளைங்க என்கிட்ட கேட்டா என்ன சொல்ல?
வாசகி, நாகர்கோவில்

பதில்: அண்ணன் சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்கு, நிறைய அநியாயம் இருக்கும்மா. அநியாயத்தை முதல்ல பேசிடுவோம். கத்தோலிக்க போதனைப்படி ஒண்ணு சாவான பாவம்னு ஆகணும்னா மூணு விஷயம் சேரணும், காரியம் பெருசா இருக்கணும், தப்புன்னு நல்லா தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சும் மனசார சம்மதிச்சு செஞ்சிருக்கணும். அப்படி செஞ்சா ஆத்துமாவுல இருக்கிற தேவ அருள் அத்துப்போயிடுது, அதனாலதான் சாவான பாவம்னு பேரு. அற்பப் பாவம் உறவை அறுக்காது, ஆனா காயப்படுத்தும், அதையும் விடணும்னுதான் உங்க மாமியாருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பாங்க. இதுல லைசென்ஸ் எங்க இருக்கு? அவங்களா கற்பனை பண்ணதும் இல்ல, 1 யோவான் 5-ஆம் அதிகாரத்துல "மரணத்துக்கு ஏதுவல்லாத பாவமுமுண்டு"ன்னு நம்ம பைபிள்லயும்தான் இருக்கு.

சரி, அப்ப நம்ம புராட்டஸ்டன்ட் ஆளுங்க எதை எதிர்த்தாங்க? 16-ஆம் நூற்றாண்டு சீர்திருத்தவாதி கால்வின் சொன்னது என்னன்னா, பாவம் எதுவா இருந்தாலும் அது தேவனோட சித்தத்துக்கு எதிரா நிக்கிறது, அதனால எல்லாப் பாவமுமே சாவுக்குரியதுதான், விசுவாசிய அது கொல்லாம விடுறது பாவம் சின்னதுங்கிறதால இல்ல, தேவனோட இரக்கத்தால. கவனிச்சீங்களா, பாவத்தோட அளவை வச்சு நிம்மதி தேடாதேங்கறாரு. யாக்கோபு 2:10 இதுக்குத்தான் எப்பவும் எடுக்கிற வசனம், ஒண்ணுல தவறினா எல்லாத்துலயும் குற்றவாளி.

ஆனா "எல்லாப் பாவமும் ஒரே அளவு"ன்னு புராட்டஸ்டன்ட் போதனை சொல்லவே இல்ல, இதை நம்ம சர்ச்லயே பாதிப் பேரு தப்பா வச்சிருக்காங்க. 1640-கள்ல லண்டன்ல வெஸ்ட்மின்ஸ்டர்ல கூடின புராட்டஸ்டன்ட் போதகருங்க எழுதின பெரிய வினாவிடையில, எல்லாப் பாவமும் ஒரே மாதிரி கொடியதான்னு ஒரு கேள்வியே இருக்கு, பதில் இல்லைங்கிறதுதான். செஞ்சது யாரு, யாருக்கு செஞ்சான், எங்க எப்ப செஞ்சான்னு பாத்து பாரம் கூடும்னு வரிசையா போட்டிருக்காங்க. இயேசுவே பிலாத்துகிட்ட, என்னை உன்கிட்ட ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவம் உண்டுன்னாரே.

உண்மையான பிளவு இன்னும் அடியில இருக்கும்மா. ஓரகத்தி புது வளையல் போட்டுக்கிட்டு அடுக்களைக்குள்ள வர்றாங்கன்னு வைங்க. பாத்த அந்த நொடியில உள்ள சுருக்குன்னு ஒண்ணு குத்துது, உடனே சீ இது என்ன புத்தின்னு அதை அமுக்கிட்டு, நல்லா இருக்குக்கான்னு மனசாரவே சொல்றீங்க. இது பாவமா? கத்தோலிக்க பதில், நீங்க சம்மதிக்கல, அதனால பாவம் இல்ல, நீங்க ஜெயிச்சீங்க. 1546-ல திரெந்து சங்கம், அதாவது சீர்திருத்தத்துக்கு பதில் சொல்லக் கூடின கத்தோலிக்க ஆயர்கள் சபை, ஞானஸ்நானத்துக்கு அப்புறம் மிஞ்சியிருக்கிற இச்சை பாவத்துக்கு இழுக்கும், ஆனா அதுவே நிஜப் பாவம் ஆகாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச லூத்தரும், கால்வினும் சொன்னது வேற, அந்த சுருக்குன்னு குத்தினதே இருதயம் இன்னும் கோணலா இருக்குங்கிறதுக்கு சாட்சி, அதுக்கும் மன்னிப்பு வேணும். ஆங்கிலிக்கன் சபையோட (இங்கிலாந்து திருச்சபை) விசுவாச அறிக்கையான 39 விதிகள்ல 9-ஆவதும் இந்தப் பக்கம்தான் சாயுது. நான் லூத்தர் பக்கம்தான், அந்தக் குத்தலை எனக்குள்ள நிறைய தடவை பாத்திருக்கேன், அது நான் இல்லைன்னு சொல்ல என்னால முடியல. ஆனா மாமியார் சொல்ற பதில்லயும் பெரிய ஆறுதல் இருக்கு, மனசுல தோணினதுக்கெல்லாம் ராத்திரி தூக்கமில்லாம தவிக்கிற பிள்ளைக்கு, நீ சம்மதிக்கலையே கண்ணுன்னு யாராவது சொல்லித்தான் ஆகணும். பிள்ளைங்க கேட்டா, பாட்டி சொல்றது பாவம் எவ்வளவு காயப்படுத்துதுன்னு பாக்கிறது, அம்மா சபையில சொல்றது அதுக்கு மருந்து எங்கேர்ந்து வருதுன்னு பாக்கிறதுன்னு ஆரம்பிங்க. மீதியை வளர வளர பேசிக்கலாம்.

கேள்வி: ஐயா, ஆர்சி பசங்க தலையான பாவம் ஏழு, அதுக்கு எதிரான புண்ணியம் ஏழுன்னு மனப்பாடமா சொல்றாங்க. எங்க சபையில புண்ணியம்னாலே கெட்ட வார்த்தை மாதிரி பாக்கிறாங்க. நல்லவனா இருக்கிறதால பிரயோஜனமே இல்லையா?
வாசகர், திருச்சி

பதில்: அகங்காரம், கோபம், மோகம், லோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். எனக்கும் மனப்பாடம் தம்பி, பக்கத்து வீட்டு ஆர்சி அம்மா சொல்லிக்கொடுத்தது. இந்த ஏழும் இதே வரிசையில பைபிள்ல கிடையாது, 6-ஆம் நூற்றாண்டுல போப் கிரகோரி ஒழுங்குபடுத்தின பட்டியல்லேர்ந்து வளந்தது, அதனால நம்மவங்க இதுக்கு அவ்வளவு இடம் குடுக்கல. ஆனா காய்மகாரத்துக்கு எதிரா பிறர் சிநேகம்னு ஜோடி போட்டு பிள்ளைக்கு சொல்றது எவ்வளவு நல்ல பழக்கம், நம்ம சண்டே ஸ்கூல்ல அது இல்லையேன்னு எனக்கு வருத்தம் உண்டு.

லூத்தர் எதிர்த்தது புண்ணியத்தை இல்ல, வரிசையை. வீணை வாசிச்சு வாசிச்சு வித்வான் ஆகிற மாதிரி நீதியான செயலை செஞ்சு செஞ்சுதான் மனுஷன் நீதிமான் ஆவான்னு அரிஸ்டாட்டில் சொன்னதை யுனிவர்சிட்டில இறையியலாவே நடத்திட்டு இருந்தாங்க. 1517 செப்டம்பர்ல, சீர்திருத்தத்தை ஆரம்பிச்சு வச்ச அவரோட 95 வாக்கியத்துக்கு முன்னாடியே, லூத்தர் இதை அப்படியே திருப்பிப் போட்டாரு, நீதிமான் ஆக்கப்பட்டதாலதான் நீதியானதை செய்றோம்னு. கத்தோலிக்க பக்கத்துக்கும் நியாயம் செய்யணும், விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் மூணும் மனுஷன் பயிற்சியில வராது, கடவுள் உள்ள ஊத்துறதுன்னுதான் அவங்களோட பெரிய இறையியலாளர் தாமஸ் அக்வினாஸே சொல்றாரு. 1563-ல வந்த ஹைடெல்பெர்க் வினாவிடை, அதாவது கால்வின் வழி சபைகளோட போதனைப் புத்தகம், நல்ல செயலை எல்லாம் நன்றிங்கிற தலைப்புல வைக்குது. அதனால உங்க சபையில யாராவது நல்லது செஞ்சு என்னத்துக்குன்னா, அது லூத்தரும் இல்ல கால்வினும் இல்ல, சோம்பல்.

கேள்வி: ஈஸ்டருக்கு முன்னாடி மாமியார் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் ஃபாதர்கிட்ட பாவத்தை சொல்லி மன்னிப்பு வாங்கறதுக்கு, கூப்பிடுறாங்க. நான் போகலாமா? நமக்குத்தான் அது கிடையாதே?
அதே நாகர்கோவில் வாசகி

பதில்: நமக்கு கிடையாதுன்னு யாரு சொன்னா? மடத்துல இருந்த காலத்துல லூத்தர் மணிக்கணக்கா பாவத்தை அடுக்குவாராம், முடிச்சு வெளிய வந்தா இன்னொண்ணு ஞாபகம் வரும், திரும்ப ஓடுவாரு. அவரோட மேலதிகாரி ஸ்டௌபிட்ஸ், இந்த அற்ப விஷயத்தை எல்லாம் விடு, நிஜமான பாவம் இருந்தா கொண்டுவான்னு சலிச்சுக்கிட்டாரு. அந்த வேதனையிலதான் அவருக்கு ஒண்ணு புரிஞ்சுது, பாவத்தை எண்ணி முடிக்க மனுஷனால ஆகாது. அதனால லூத்தர் பக்கத்தவங்களோட 1530 ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில தனியா பாவ அறிக்கை செய்ற வழக்கத்தை எடுக்கல, எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லணுங்கிற கட்டாயத்தைத்தான் எடுத்தாங்க. திரெந்து சங்கம் 1551-ல, ஞாபகத்துல இருக்கிற சாவான பாவம் எல்லாத்தையும் சொல்லியே ஆகணும்னு பதில் குடுத்துச்சு. நாமதான் காலப்போக்குல முழுசாவே விட்டுட்டோம், ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஒரு நிமிஷம் வாசிக்கிற பாவ அறிக்கையோட முடிச்சுக்கிறோம்.

அவங்க சபை சட்டப்படி சாதாரணமா மத்த சபைக்காரங்களுக்கு அந்த அருட்சாதனம் கிடையாது, அதனால ஃபாதர்கிட்ட போய் முழங்கால் போட வேண்டாம், முன்கூட்டியே மாமியார்கிட்ட சொல்லிடுங்க. ஆனா கூட போங்கம்மா. அவங்க உள்ள போய்ட்டு வர்ற வரைக்கும் பெஞ்சுல உக்காந்து நீங்களும் ஜெபம் பண்ணுங்க. மனசுல பாரமா ஏதாவது இருந்தா உங்க சபை போதகர் ஐயர்கிட்ட தனியா நேரம் கேட்டு சொல்லுங்க, கேக்கிறதுக்கு அவருக்கு உரிமையும் உண்டு கடமையும் உண்டு.