மீன்களுக்கு யோசிக்கத் தெரியுமா?

"மீன்களுக்கு யோசிக்கத் தெரியுமா, இல்லை எல்லாமே பிறவிப் பழக்கம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும் என்பதே என் பதில். அதற்கு நான் காட்டும் சாட்சி, பவளப் பாறைகளில் வாழும் கிளீனர் ராஸ் என்ற மீன். பெரிதாக வளர்ந்தாலும் 14 செ.மீ. தாண்டாது. நீல உடம்பு, முகத்தில் தொடங்கி வால் பக்கம் போகப் போக அகலும் ஒரு கறுப்புப் பட்டை.

மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பதுதான் இதன் பிழைப்பு. களவா மாதிரி பெரிய மீன்கள் தேடி வந்து, வாயையும் செவுள் மூடியையும் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும். இது வாய்க்குள்ளேயே போய் வேலையைப் பார்க்கும். நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் இதற்கு அதைவிடப் பிடித்தது, மீன் தோலின் மேலுள்ள சளிப்படலம். அதைக் கடித்தால் வந்த மீன் வெடுக்கென்று உதறும். போய்விடும், இல்லாவிட்டால் துரத்தும். அதனால் ஆளைப் பார்த்துத்தான் நடந்துகொள்கிறது. தன்னை விழுங்கக்கூடிய மீனிடம் பெரும்பாலும் வாலாட்டாது. வேறு ராஸிடம் போக வழியுள்ள மீனை முதலில் கவனிக்கும். பக்கத்திலேயே கிடக்கும் சின்ன மீன் காத்திருக்க வேண்டியதுதான். கோபித்துக்கொண்ட மீனைத் தன் துடுப்புகளால் வருடிச் சமாதானம் செய்யும். ஜோடியாக வேலை செய்யும்போது பெண் கடித்து, வந்த மீன் ஓடிவிட்டால், ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தும். அப்புறம் பெண் கடிப்பது குறைகிறது!

2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் தொண்டையில் பழுப்புப் புள்ளி வைத்துக் கண்ணாடி காட்டினார்கள். பார்த்ததும், கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிந்ததுபோல், தொண்டையைத் தரையில் தேய்த்தது. அது தன்னுணர்வுதானா என்ற விவாதம் ஓயவில்லை. என்னைக் கேட்டால், கண்ணாடியைவிட, தேடி வரும் மீன்களோடு அது வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல்தான் வலுவான சாட்சி.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இதை வாங்காதீர்கள். தொட்டியில் போதிய ஒட்டுண்ணி கிடைக்காமல் பல பட்டினியால் சாகின்றன. பாறைக்கும் இழப்புதான். ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் சில பாறைத் திட்டுகளிலிருந்து எட்டரை ஆண்டுகள் இவற்றை அகற்றியே வைத்துப் பார்த்தார்கள். அகற்றாத திட்டுகளைவிட அங்கே வசிக்கும் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சுத்தம் செய்யும் மீன்தான் வேண்டுமென்றால், பண்ணையில் வளர்த்த நியான் கோபியைக் கேட்டு வாங்குங்கள்.